நியமிக்காதவரை எப்படி நீக்குவது?

2026 ஜனவரி 5ஆம் திகதி மன்செஸ்டர் யுனைடெட் கழகம் தன் பயிற்றுவிப்பாளர் ரூபன் அமோரிமின் சீட்டைக் கிழித்தது. மன்னார் பஸ் நிலையத்தடியில் சிவப்புச் சட்டைக்காரர்கள் இழவுவீட்டு முகத்தோடு நின்றார்கள். “ரூபனை நிப்பாட்டிப்போட்டாங்கள்” என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் நின்ற பெரியவர் பதறிப்போய், “ஆர், பேசாலை ரூபனையோ? அவன் போன மாசந்தானே வேலைக்குச் சேந்தவன்!” என்றார். இல்லை ஐயா, இவர் போர்த்துக்கேயர் என்று விளங்கப்படுத்திய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. போர்த்துக்கேயர் என்றால் அவருக்குப் பிரச்சினை இல்லை.

போர்த்துக்கேயரோடு மன்னாருக்குப் பழைய கணக்கொன்று உண்டு. 1560இல் வந்து கோட்டை கட்டிக் குந்தியவர்களை வெளியே அனுப்ப 1658 வரை பொறுக்கவேண்டியிருந்தது. 98 வருடம். அதையும் நாங்கள் செய்யவில்லை. ஒல்லாந்தர் வந்து செய்தார்கள். செய்துவிட்டு அதே கோட்டைக்குள் தாங்கள் குந்திக்கொண்டார்கள். மன்செஸ்டர்காரருக்கோ ஒரு போர்த்துக்கேயரை அனுப்ப 14 மாதம் போதுமாக இருந்தது. நிர்வாகத் திறமை என்றால் இப்படி இருக்கவேண்டும்.

தொழிற் பாதுகாப்பு என்பதே இல்லாத தொழில் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் தொழில் என்று உலகப் பத்திரிகைகள் கண்ணீர் வடிக்கின்றன. வடிக்கட்டும். நானும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. ரொபேர்ட்டோ டி மத்தேயோ 2012 மே மாதம் செல்சிக்கு ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை வென்று கொடுத்தார். அந்தக் கழகம் அதுவரை தொட்டும் பாராத கிண்ணம். நவம்பரில் ஆளைக் காணவில்லை. கிளோடியோ ரனியேரி, பந்தயக்காரர்கள் 5,000க்கு 1 என்று எழுதிவைத்திருந்த லெஸ்டரை 2016இல் இங்கிலாந்தின் சம்பியனாக்கினார். ஒன்பது மாதம் கழித்து அவரும் வீட்டில். லூயிஸ் வான் ஹால் 2016 மே 21ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 23ஆம் திகதி அவருக்கு வேலை இல்லை. அன்ஜ் பொஸ்டகோக்ளு டொட்டன்ஹாமின் 17 வருடக் கிண்ணப் பஞ்சத்தை 2025 மே மாதம் தீர்த்துவைத்தார். பஞ்சம் தீர்த்த பதினாறாம் நாள் அவரைத் தீர்த்தார்கள். பிறகு நொட்டிங்ஹாம் பொரஸ்ட் அவரைக் கூப்பிட்டது. 39 நாள். கடைசிப் போட்டி முடிந்து 18 நிமிடத்தில் நீக்கல் அறிவித்தல் வெளியானது. தலைமன்னார் பியரில் பஸ் ஏறியவர் பேசாலையில் இறங்குமுன்னர் ஒரு மனிதனின் சீவியம் மாறிவிட்டது.

அழுதாயிற்று. இனிக் கணக்குப் பார்ப்போம்.

அமோரிமுக்கு முந்தியவர் எரிக் டென் ஹாக். 2024 மேயில் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார். ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை நீடித்தார்கள். ஒக்டோபர் 28ஆம் திகதி நீக்கினார்கள். நான்கு மாதமும் நிறையவில்லை. நீக்க உத்தேசித்திருந்தவரை ஏன் நீடித்தீர்கள் என்று எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டிருந்தால் செயலாளர் கதிரையை விட்டு ஓடியிருப்பார். அங்கே யாரும் ஓடவில்லை. டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைத்த செலவு 1 கோடியே 4 இலட்சம் பவுண். அதே கழகம் அதே 2024இல் சுமார் 250 ஊழியர்களை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் இன்னும் 150 முதல் 200 பேர் என்று அறிவித்தது. ஓல்ட் டிராஃபர்ட் ஊழியர் உணவகத்தின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தி, அதற்குப் பதிலாகப் பழம் வைப்பதாகச் சொன்னது.

பழம். தோற்றவருக்கு ஒரு கோடி பவுண். தோற்காதவருக்கு, அதாவது புல் வெட்டியவருக்கும் வாசலில் டிக்கெற் பார்த்தவருக்கும் தபால் ஒட்டியவருக்கும், ஒரு பழம். அவர்களில் யாரும் பந்தை வெளியே அடிக்கவில்லை. யாரும் மூன்று பேரைத் தடுப்பில் வைத்து ஆடும் முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பதினைந்தாம் இடத்துக்கு இறங்கவில்லை. அவர்களுடைய பெயரைப் போட்டுப் பிரியாவிடைக் காணொளி செய்ய ஒருவரும் வரவில்லை. செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைத்தது எங்கே, கூட்டியது எங்கே என்று பார்த்தால் போதும். கழகத்தின் பங்காளி முதலாளி சேர் ஜிம் ரட்க்ளிஃபின் பொருளாதாரம் முழுவதும் அந்தப் பழக்கூடைக்குள் இருக்கிறது.

ஆகவே பயிற்றுவிப்பாளரின் தொழிற் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் தயவுசெய்து சமையலறைப் பக்கம் போய்ப் பேசவும். மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துகிறவருக்கு இருப்பது பாதுகாப்பின்மை அல்ல, காப்புறுதி. டேவிட் மோய்ஸுக்கு 2013இல் ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஒரு வருடம் முடியுமுன்னர் 2014 ஏப்ரலில் அனுப்பினார்கள். ஆறு வருட ஒப்பந்தம் என்றால் ஆறு வருட வேலை என்று நினைப்பது வெள்ளந்தித்தனம். அது கலியாண எழுத்தன்றே விலை பேசிக் கையெழுத்து வைக்கும் விவாகரத்து.

விசுவாசம் என்ற சொல்லை இந்த வியாபாரத்தில் அதிகம் பாவிப்பவர்கள் காசு வாங்குகிறவர்கள். அதிகம் கடைப்பிடிப்பவர்கள் காசு கொடுக்கிறவர்கள். மன்னாரில் ஒருவர் 1999இல் யுனைடெட் பக்கம் சாய்ந்தார் என்றால் இன்றைக்கும் அங்கேதான். கட்சி மாறியிருப்பார், கடல் மாறியிருப்பார், இடம்பெயர்ந்து மடுவுக்கும் மண்டபம் முகாமுக்கும் போய் வந்திருப்பார், கழகம் மாறவில்லை. இருபத்தாறு வருடம் அங்கே ஆண்ட அலெக்ஸ் பெர்குசனைப் பற்றிக் கேட்டால் பங்குச் சுவாமியைப் பற்றிப் பேசும் குரலில் பேசுவார். அந்தப் பெர்குசனுக்கே 1989இல் மூன்று வருடச் சாக்குப்போக்குப் போதும், போய் வா என்று பதாகை பிடித்தார்கள். 2013 மேயில் அவர் விடைபெறும்போது, புதியவருக்குத் துணை நில்லுங்கள் என்று மைதானத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அடுத்த மார்ச்சில் மோய்ஸை விரட்டச் சொல்லும் பதாகையை வாலில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு மேலே விமானம் பறந்தது. துணை நிற்கச் சொன்ன பெரியவருடைய தூதுவர் ஊதியத்தையும் 2024இல் வெட்டினார்கள். கழகத்தின் விசுவாசத்துக்கு இதைவிட நல்ல சிலை செய்ய முடியாது. மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது. சிலைக்குச் சம்பளம் இல்லை, அதனால் தப்பியது.

பயிற்றுவிப்பாளர்களும் புனிதர்கள் அல்லர். ஸ்பெயின் தேசிய அணியின் ஜூலன் லொபெதேகி 2018 உலகக் கிண்ணம் தொடங்க இருந்த நேரத்தில் ரியல் மட்ரிட்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கோபம் கொண்ட ஸ்பெயின், முதல் போட்டிக்கு இரண்டு நாள் முன்னர் அவரை அனுப்பியது. அந்த ஒக்டோபரிலேயே ரியல் மட்ரிட்டும் அனுப்பியது. ஒரே வருடத்தில் இரண்டு வீட்டுச் சாப்பாடும் போன கதை. இத்தாலியின் பலர்மோ கழகத்துப் பழைய முதலாளி சம்பரீனிக்குப் ‘பயிற்றுவிப்பாளர் தின்னி’ என்றே பட்டப்பெயர். தின்னப்படுகிறோம் என்று தெரிந்தும் இலைக்கு வரிசையில் நின்றார்கள். இலையில் எவ்வளவு விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அக்கரைக்கு ஒருமுறை போய்விட்டு வருகிறேன், தூரமில்லை. இந்தியத் தேசிய அணியின் இகோர் ஸ்டிமாக் காலத்தில், அணித் தேர்வுக்குச் சோதிடர் ஒருவரின் ஆலோசனை பெறப்பட்டதாகப் பத்திரிகையில் வந்தது. கிரகம் பார்த்துக் கோல் காப்பாளரை நிறுத்திய நாட்டில், பயிற்றுவிப்பாளருடைய ஏழரைச் சனியை ஒருவரும் கவனிக்கவில்லை போலும். 2024 ஜூனில் ஸ்டிமாக் நீக்கப்பட்டார். நட்டஈடு கேட்டு அவரும் சம்மேளனமும் இழுபறிப்பட்டார்கள். 2025இல் அந்தப் பதவிக்கு விண்ணப்பம் கோரியபோது பார்சலோனாவின் சாவி பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. நாடே கொஞ்ச நேரம் புல்லரித்தது. பிறகு அது யாரோ செய்த விளையாட்டு என்று சம்மேளனம் அறிக்கை விட்டது. சாவியை வாங்கக் கட்டுபடியாகாது என்று முதலில் பேசிவிட்டு, பிறகுதான் அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். சிரிக்காதீர்கள். நாங்கள் சிரிக்கக்கூடிய இடத்தில் இல்லை.

இலங்கையின் கதைக்கு வருவோம். அமிர் அலாகிச் 2020இல் வந்தார். அன்டி மொரிசன் 2022இல் வந்தார். மன்செஸ்டர் சிட்டியின் பழைய தலைவர். நாடு பெற்றோல் வரிசையில் நின்ற அந்த ஜூனில் அவர் அணியைக் கூட்டிக்கொண்டு உஸ்பெகிஸ்தானுக்குப் போனார். மூன்று போட்டி, மூன்றும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. 2024இல் குவைத்தின் அப்துல்லா அல் முதைரி வந்தார். அந்தச் செப்டெம்பரில் கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்றபோது ஊர் உண்மையாகவே சந்தோசப்பட்டது, மறைக்க மாட்டேன். வந்தவர் போனவர் யாரிலும் எனக்குக் கோபமில்லை. உலகத் தரவரிசையில் 200க்கு அங்கால் கிடந்த அணியைக் கையேற்க வந்தவர்கள் வேலைக்கு வந்தவர்களா, நேர்த்திக்கடனுக்கு வந்தவர்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கோபம் கதிரைகளில். 2021இல் ஜஸ்வர் உமர் இலங்கைச் சம்மேளனத் தலைவரானார். அமைச்சு ஒருபக்கம், சம்மேளனம் ஒருபக்கம், சட்டவிதி ஒருபக்கம் என்று இழுத்துப் பறித்து, 2023 ஜனவரி 14ஆம் திகதி ஒரு தேர்தல் வைத்தார்கள், ஜெ. ஸ்ரீரங்கா தலைவரானார். ஃபிஃபா அந்தத் தேர்தலை ஏற்கவில்லை. ஒரே வாரம், ஜனவரி 21ஆம் திகதி இலங்கையையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசி வரைக்கும் ஏழு மாதம் இந்த நாட்டுக்கு உலக உதைபந்தாட்டத்தில் முகவரி இல்லை. அந்த வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்புக்கு எங்கள் பொடியள் போகவில்லை. செப்டெம்பரில் மறுபடி தேர்தல். மறுபடி ஜஸ்வர் உமர். ஏழு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய கதிரை.

யோசித்துப் பாருங்கள். தோற்றால் பயிற்றுவிப்பாளருக்கு வேலை போகும். சரி, போகட்டும். ஒரு போட்டிகூட ஆடாமல் ஒரு முழு நாட்டையே தோற்கடித்தவர்களுக்கு என்ன போனது? இருபத்து மூன்று வயதுப் பொடியனுக்கு ஏழு மாதம் என்றால் என்னவென்று அந்தக் கதிரைகளுக்குத் தெரியுமா? கால் ஓடும் வயது பத்து வருடம். கதிரையில் குந்தும் வயதுக்கு எல்லையே இல்லை. இந்த வரலாற்றில் சீட்டுக் கிழிந்த ஒரே ஆள் விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க. அதுவும் உதைபந்துக்காக இல்லை. 2023 நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் சபையும் இலங்கையை இடைநிறுத்திய பிறகு. கிரிக்கெட்டுக்குக் காயம் பட்டால்தான் கொழும்பில் ரத்தம் வரும். உதைபந்துக்குப் பட்டால் பிளாஸ்டரும் இல்லை.

இனி மன்னார். பள்ளிமுனை, பனங்கட்டுக்கொட்டு, பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி என்று எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கோயில் அல்லது பள்ளிவாசல், அதற்கடுத்து ஒரு கோல் கம்பம். முதல் நன்மை எடுக்குமுன்னரே பொடியன் இடது காலா வலது காலா என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், ஒருவரைச் சொன்னால் மற்ற ஊர் மாஸ்டர்மார் மனவருத்தப்படுவார்கள், எல்லாரும் ஒரே ஆள்தான். காலையில் கடல், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் ஓட்டோ. நாலு மணிக்கு விசில்.

அவருடைய கடமைப் பட்டியலைக் கவனியுங்கள். மைதானத்தில் இருந்து கழுதைகளை விரட்டுவது. பழைய வலைத் துண்டைப் பொத்திக் கோல் வலை கட்டுவது. சம்மாட்டியின் வாசலில் போய் நின்று, “நாளைக்கு ஒருநாள் பொடியனைக் கடலுக்கு விடாதீங்க, பைனல்” என்று கெஞ்சுவது. கிழிந்த சப்பாத்தோடு வந்தவனுக்குத் தன் மகனுடைய சப்பாத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் ஏச்சு வாங்குவது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம் என்று லீக் திருப்பி அனுப்பினால் கச்சேரிக்கு அலைவது. இடுப்புப் பிடித்தவனுக்கு எண்ணெய் போடுவது, காதலில் விழுந்தவனுக்குப் புத்தி சொல்வது, வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டப்போனவனை மறிப்பது. சோழகக் காற்றுக்கு எதிரே உயர்த்தி அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும் என்று பொடியளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இதை அவர் எந்தப் பாடநெறியிலும் படிக்கவில்லை. பாடநெறிக்குக் கொழும்புக்குப் போனால் அத்தனை நாளும் அடுப்பு எரியாது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், அவர் வெட்கப்படுவார்.

அவரையும் நீக்குவதுண்டு. மன்னாரும் உலகத்தில்தானே இருக்கிறது. சுற்றுப்போட்டியின் இறுதியில் பக்கத்து ஊரிடம் தண்டனை உதையில் தோற்ற இரவே கோயில் மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடும். கழகச் சந்தாவை இந்த நூற்றாண்டில் கட்டாத ஒருவர் எழும்பி, “மாஸ்டரின்ர காலம் முடிஞ்சுது, புது ஆள் வேணும்” என்பார். நேற்றிரவு ஒரு மணிவரை கைத்தொலைபேசியில் லண்டன் போட்டி பார்த்த கண் சிவந்திருக்கும். ஏகமனதாகத் தீர்மானம். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போவார். திங்கட்கிழமை நாலு மணிக்கு விசில் கேட்கும். பந்து வைத்திருக்கும் அறையின் திறப்பு அவரிடம் மட்டுமே இருக்கிறது. அறை அவருடைய வீட்டு விறாந்தை. பந்து அவருடைய காசு. கழகத்துக்கு நீக்கும் அதிகாரம் இருக்கிறது. நீக்கினால் மிஞ்சுவதற்குக் கழகம் இருக்காது.

இவர் வளர்த்த பொடியன் எங்கே போவான்? 2021இல் தொழில்முறை உதைபந்தாட்டம் வந்துவிட்டது என்று மேளம் அடித்து சுப்பர் லீக்கைத் தொடங்கினார்கள். பத்துக் கழகம். வடக்கில் இருந்து ஒன்றும் இல்லை. ஆனால் இராணுவத்துக்கு டிஃபென்டர்ஸ், கடற்படைக்கு சீ ஹோக்ஸ், விமானப்படைக்கு புளூ ஈகிள்ஸ். இந்த நாட்டில் பந்து உதைத்து மாதச் சம்பளமும் பென்சனும் எடுக்கும் நிச்சயமான வழி சீருடை போடுவது. மன்னார்ப் பொடியனுக்கு அந்த வழியில் ஒரு சின்ன நெருடல் உண்டு. முசலியில் முள்ளிக்குளம் என்று ஒரு ஊர். 2007இல் சனத்தை எழுப்பிவிட்டு அங்கே கடற்படை இருந்துகொண்டது. பத்து வருடம் கழித்து, 2017இல், ஊர்ச்சனம் முகாம் வாசலில் வாரக்கணக்காகக் குந்தியிருந்துதான் 100 ஏக்கரை விடுகிறோம் என்ற வார்த்தையை வாங்கியது. ஆக, தொழிற் பாதுகாப்பு வேண்டுமென்றால் காணியை எடுத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருக்காகக் கோல் அடிக்க வேண்டும். விசுவாசம் யாருக்கு என்று கேட்டால் பொடியன் எந்தப் பக்கம் பார்ப்பான்?

அது பிடிக்காதவர்கள் கடல் தாண்டுகிறார்கள். மாலைதீவுக் கழகங்கள் டொலரில் கொடுக்கும். மன்னார் மண்ணின் பிள்ளை, தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர் டக்சன் பியூஸ்லஸ் அங்கே வலென்சியா கழகத்துக்கு ஆடப் போனார். 2022 பெப்ரவரியில் அங்கேயே உயிரிழந்தார். 31 வயது. ஊர் அழுததை நான் எழுதப்போவதில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த கால்களுக்குச் சொந்த மண்ணில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க எழுபத்தைந்து வருடம் தாண்டிய சுதந்திரத்துக்கு முடியவில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியாது.

ஃபிஃபாவில் ஒரு நல்ல விதி உண்டு. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் விலை பேசி நாடு விட்டு நாடு கழகம் மாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் வரைக்கும், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரேசிலின் சின்னக் கழகங்கள் இந்த விதியால் காசு பார்த்திருக்கின்றன. எங்கள் பொடியள் விலை பேசாமல் பயணப்பெட்டியோடு போகிறார்கள். பூச்சியத்தில் 5 வீதம் எவ்வளவு என்று மாஸ்டருக்குத் தெரியும். கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

கொழும்பு கொடுக்காததை ஊர் கொடுக்கும் என்று நினைக்கவேண்டாம். ஊர் பொன்னாடை கொடுக்கும். இறுதிப்போட்டி மூன்று மணிக்கு என்று நோட்டீஸ். பிரதம விருந்தினர் நாலரைக்கு வருவார். அதுவரைக்கும் இரண்டு அணியும் வெயிலில் வரிசையில் நிற்கும். மங்கள விளக்கு காற்றில் அணையும், ஏற்றுவார்கள், அணையும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், ஆளுக்கொரு பேச்சு. ஒவ்வொருவரும் பேலே பெயரை ஒருமுறை சொல்வார்கள். மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத்தருவதாக ஒருவர் வாக்குக் கொடுப்பார்; போன தேர்தலுக்கு முதல் கொடுத்தவரும் பக்கத்திலேயே இருந்து கைதட்டுவார். பரிசளிப்பு முடிந்து இருட்டிய பிறகு, “எமது கழகத்தின் வளர்ச்சிக்கு அயராது உழைத்த” என்று தொடங்கி மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். அவர் அப்போது கொடிக்கம்பி சுற்றிக்கொண்டிருப்பார். வியர்த்த தோளில் பொன்னாடை விழும். படம். முகநூல். அவருடைய வீட்டு அலுமாரியில் இப்படி ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடை. தைத்தால் ஒரு அணிக்குக் கால்சட்டை தேறும்.

இது மரியாதை இல்லையா என்று கேட்பவருக்கு: மரியாதைதான். ஆனால் சம்பளம் கொடுக்கவேண்டிய இடத்தில் மரியாதை கொடுப்பது களவு. தியாகி என்ற பட்டம் எங்கள் ஊர்களில் நிலுவை கட்டாதவர்கள் கண்டுபிடித்த நாணயம். இந்த மாகாணத்தில் தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்காகத் தெருவில் நின்று நிரந்தர நியமனம் கேட்டார்கள். கேட்கவாவது அவர்களுக்கு ஒரு திணைக்களம் இருந்தது. மாஸ்டர் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆகையால் ஒரு மனு எழுதியிருக்கிறேன். நியமனம் கேட்டால் கோப்பு நகராது என்பது அனுபவம். எனவே வேறு வழியில் போயிருக்கிறேன்.

பெறுநர்: விளையாட்டுத்துறை அமைச்சு, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம்.

விடயம்: எமது பயிற்றுவிப்பாளரைப் பதவி நீக்கம் செய்தல்.

ஐயா / அம்மணி, மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதாவது: எமது ஊரில் நீண்டகாலமாகப் பயிற்றுவிப்பாளராகக் கடமையாற்றிவரும் மாஸ்டர் அவர்களைச் சர்வதேச நடைமுறைகளுக்கு அமைவாக உடனடியாகப் பதவி நீக்கம் செய்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நியமனம் இல்லாத ஒருவரை நீக்க முடியாது என்று தங்கள் சட்டப் பிரிவு கருதுமாயின், முந்திய திகதியிட்டு ஒரு நியமனக் கடிதத்தை முதலில் அனுப்பிவைக்கவும். அக்கடிதத்தில் மாதச் சம்பளம் எனும் இடத்தை வெறுமையாக விடவேண்டாம். சம்பள நிலுவை, ஊழியர் சேமலாப நிதி, மகனுடைய சப்பாத்து ஒரு சோடி, வாங்கிய பந்துகள், மற்றும் மன்செஸ்டர் நகரில் வழக்கத்தில் உள்ள நட்டஈடு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரே தவணையில் தரவும். பதவி நீக்கத்தை 18 நிமிடத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்ற அவசரம் எமக்கில்லை. ஆனால் காசு முதலில் வரவேண்டும். பழம் ஏற்கப்படமாட்டாது. நீக்கிய மறுநாள் நாலு மணிக்கும் அவர் மைதானத்துக்கு வருவார் என்பதால் புதியவரைத் தேடும் செலவு தங்களுக்கு ஏற்படாது.

பிரதி 1: கடற்படைத் தலைமையகம், முள்ளிக்குளம் (தகவலுக்காகவும் மிகுதிக் காணிக்காகவும்).

பிரதி 2: சம்மேளனத் தலைவர் (தற்போது இருப்பவர் யாராயினும்).

பிரதி 3: மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத்தருவதாகச் சொன்னவர் (இரண்டு பேர்; இருவருக்கும் ஒரே பிரதி போதும், ஒரே வாகனத்தில்தான் வருவார்கள்).